இணையம் எட்டாத கணினியில் மென்பொருள் நிறுவுதல்

இணையம் இல்லாத கணினிகளில் இரண்டு வகை உண்டு. இணைப்பு கிடைக்காததால் இல்லாதவை ஒரு வகை. இணைப்பு கூடாது என்று வைத்திருப்பவை இன்னொரு வகை. மலைக்கிராமப் பள்ளியின் கணினி அறையும் டவர் எடுக்காத கிடங்கில் கணக்கு எழுதும் பழைய கணினியும் முதல் வகை. ஆலையில் எந்திரத்தை ஓட்டும் கணினியும் ரத்தப் பரிசோதனைக் கருவியோடு பிணைத்த கணினியும் இரண்டாம் வகை. இந்த அத்தியாயம் முதல் வகைக்கானது. இரண்டாம் வகையில் பென் டிரைவைச் செருகும்முன் அந்தக் கணினிக்குப் பொறுப்பானவரிடம் கேட்டே ஆகவேண்டும். 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சுநிரல், இணையத்தோடு தொடர்பே இல்லாத ஈரானின் நத்தான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையத்துக்குள் புகுந்தது. அது பரவிய வழிகளில் ஒன்று பென் டிரைவ்.

இந்த வேலையில் முக்கால் பங்கு, இணையம் உள்ள இடத்தில், புறப்படும்முன்பே முடிந்துவிட வேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். மென்பொருளை எடுத்துப்போவது பெரிய காரியமில்லை. போன இடத்தில் அது என்னென்ன கேட்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து அதையும் எடுத்துப்போவதுதான் காரியம்.

முதலில் கணினியை விசாரியுங்கள்

மென்பொருள் போடவேண்டிய கணினியில் விண்டோஸ் விசையையும் பாஸ் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். கணினியின் விவரம் காட்டும் திரை வரும். மடிக்கணினியில் பாஸ் விசை இல்லையென்றால் ‘திஸ் பிசி’ மீது வலது சொடுக்கில் பிராப்பர்ட்டீஸ். விண்டோஸின் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா, ரேம் அளவு ஆகிய மூன்றும் அங்கே இருக்கும். எழுதிக்கொள்வதைவிடக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. எது தேவைப்படும் என்று அப்போது தெரியாது. சி டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்பதையும் படமெடுங்கள்.

அதே திரையில் ஒரு பொறி இருக்கிறது. செயலி 64 பிட்டுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும். போட்டிருக்கும் விண்டோஸோ 32 பிட்டாக இருக்கும். 2 ஜிபி ரேம் உள்ள பழைய கணினிகளில் இது சகஜம். நமக்கு விண்டோஸ் எதுவோ அதுதான் கணக்கு. 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருள் ஓடும், மறுபக்கம் நடக்காது.

பதிப்பு ஏன் முக்கியம்? இணையத்தில் ‘டவுன்லோட்’ பொத்தானை அழுத்தினால் கிடைப்பது இன்றைய பதிப்பு. நாம் போகும் இடத்தில் இருப்பதோ, பெரும்பாலும், இன்றைய விண்டோஸ் அல்ல. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்தியது. அதில் ஓடும் கடைசி கூகுள் குரோம் 109. ஃபயர்பாக்ஸில் நீட்டித்த ஆதரவு உள்ள 115-ஆம் பதிப்போடு சரி. லிப்ரே ஆபீஸ் 25.8 முதல் விண்டோஸ் 7, 8 இரண்டையும் கைவிட்டுவிட்டது. ஆகவே பழைய கணினிக்குப் பழைய பதிப்பைத் தேடித்தான் எடுக்கவேண்டும். அதையும் அந்தந்த நிறுவனத்தின் பழைய பதிப்புக் கிடங்கிலிருந்தே எடுங்கள். ‘ஓல்டு வெர்ஷன் ஃப்ரீ’ என்று மின்னும் இடங்களில் எடுக்காதீர்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள். மூலையில் தேதி 2009 என்றோ வேறு ஏதோ பழைய ஆண்டு என்றோ காட்டினால் மதர்போர்டில் உள்ள செல் தீர்ந்திருக்கிறது. சிஆர் 2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். இணையம் உள்ள கணினி தேதியைத் தானே திருத்திக்கொள்ளும். இதற்கு அந்த வழியில்லை. தேதி பிழையாக இருந்தால் மென்பொருளின் கையொப்பச் சான்று ‘இன்னும் நடைமுறைக்கு வரவில்லை’ என்று கணினி முரண்டு பிடிக்கலாம். செய்தியைப் பார்த்துவிட்டுக் கோப்பு கெட்டுப்போயிற்று என்று நினைத்து மறுபடி பதிவிறக்கப் போகிறவர்கள் உண்டு.

சின்ன நிறுவி, முழு நிறுவி

குரோம் நிறுவியைப் பதிவிறக்கினால் சில எம்பிதான் வருகிறது. அது நிறுவி அல்ல, நிறுவியைக் கொண்டுவரப் போகும் ஆள். இணையத்தோடு பேசி நூறு எம்பிக்கு மேல் இழுத்துக்கொண்டு வருவது அதன் வேலை. இணையமில்லாத கணினியில் சொடுக்கினால் ஒரு பட்டை ஓடும், நிற்கும், மன்னிப்பு கேட்கும். நமக்கு வேண்டியது முழு நிறுவி. ஆஃப்லைன், ஸ்டாண்டலோன், ஃபுல், எம்எஸ்ஐ என்று பல பெயரில் அதை வைத்திருப்பார்கள். முகப்பில் வைக்கமாட்டார்கள், ‘பிற பதிவிறக்கங்கள்’, ‘நிறுவனங்களுக்கு’ என்ற மூலைகளில் இருக்கும். பெரிய மென்பொருள் சின்னக் கோப்பாக வந்தால் சந்தேகப்படுங்கள்.

விஎல்சி, 7-ஜிப், ஜிம்ப் ஆகியவற்றில் இந்தத் தொல்லை இல்லை. ஒரே கோப்பு, முழுக் கோப்பு. லிப்ரே ஆபீஸும் அப்படியே. ஆனால் அதன் உதவிப் பக்கங்கள் தனிக் கோப்பு. அதை விட்டுவிட்டுப் போனால், மாணவர் எஃப்1 அழுத்தியதும் அது இணையத்தைத் தேடும்.

முழு நிறுவிதான் என்று உறுதிசெய்ய, வைஃபையை அணைத்துவிட்டு உங்கள் கணினியிலேயே நிறுவிப் பார்க்கலாமே என்று தோன்றும். இது அரைச் சோதனைதான். உங்கள் கணினியில் பல ஆண்டுகளாக ஏதேதோ நிறுவியிருப்பீர்கள். அந்த மென்பொருளுக்குத் தேவையான துணைகள் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கும். உங்கள் கணினியில் ஓடும், போன இடத்தில் ஓடாது. சரியான ஒத்திகை வேண்டுமென்றால், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் அதே விண்டோஸைப் புதிதாகப் போட்டு, நெட்வொர்க் அமைப்பில் ‘கேபிள் கனெக்டட்’ என்ற குறியை எடுத்துவிட்டு நிறுவிப் பாருங்கள். விண்டோஸ் 10 அல்லது 11 ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இருக்கிறது; திறக்கும்போதெல்லாம் புத்தம்புது விண்டோஸ் கிடைக்கும், மூடினால் மறைந்துவிடும். ஒரு மதியம் இதில் போகும். மலை ஏறி இறங்குவதோடு ஒப்பிட்டால் மலிவு.

துணைகள்

குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகிற குடும்பத்தில் பானையையும் அரிசியையும் யாரும் மறப்பதில்லை, மறப்பது தீப்பெட்டியை. மென்பொருளிலும் அப்படித்தான். விட்டுப்போவது பெரிய பொருளாக இருக்காது.

விண்டோஸில் தீப்பெட்டி என்பது பெரும்பாலும் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள். பல மென்பொருள்கள் இதை நம்பித்தான் ஓடுகின்றன. சில தங்கள் நிறுவிக்குள்ளேயே கொண்டுவரும். சில இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வரும். இல்லாவிட்டால் ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பைக் காணோம் என்று செய்தி வரும். 2015 முதல் 2022 வரையிலான பதிப்புகளுக்கு ஒரே நிறுவி போதும். 2008, 2010, 2012, 2013 ஒவ்வொன்றும் தனித்தனி. 64 பிட் விண்டோஸில் 64 பிட் நிறுவி மட்டும் போதாது. 32 பிட் மென்பொருள்களுக்காக 32 பிட் நிறுவியையும் போடவேண்டும். எல்லாவற்றையும் சேர்த்தாலும் பென் டிரைவில் பெரிய இடம் பிடிக்காது. எது தேவைப்படும் என்று ஆராய்வதைவிட மொத்தமாக எடுத்துப்போய்விடுவது என் வழக்கம்.

காணாமல்போன டிஎல்எல்லை மட்டும் தனியாகத் தரும் இணையதளங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரு கோப்பைப் போட்டால் அடுத்த கோப்பைக் கேட்கும். நடுவில் என்ன வந்து ஒட்டிக்கொண்டது என்றும் தெரியாது.

விண்டோஸ் 7 என்றால் இன்னும் சில. முதலில் சர்வீஸ் பேக் 1 இருக்கவேண்டும். பெயர் ‘ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி’ என்று தொடங்கும் கோப்பைக் காணோம் என்று வந்தால் கேபி 2999226 என்ற திருத்தம் வேண்டும். பிற்காலத்து மென்பொருள்களின் ஷா-2 கையொப்பத்தை இந்த விண்டோஸ் புரிந்துகொள்ள கேபி 4490628, கேபி 4474419 இரண்டையும் அதே வரிசையில் போடவேண்டும். மைக்ரோசாஃப்டின் ‘அப்டேட் கேட்டலாக்’ தளத்தில் எண்ணைக் கொடுத்துத் தேடி எடுக்கலாம். டாட்நெட் 4.8-இன் முழு நிறுவி விண்டோஸ் 7-இல், சான்றிதழ்ச் சங்கிலியை நம்பகமான மூலம்வரை கட்டமுடியவில்லை என்று சொல்லி நின்றுவிடும். கோப்பில் குற்றமில்லை. இணையத்தைப் பார்க்காத கணினிக்கு மைக்ரோசாஃப்டின் 2011-ஆம் ஆண்டு மூலச் சான்றிதழ் வந்து சேர்ந்திருக்காது. அந்தச் சான்றிதழ்க் கோப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்துப்போய், நம்பகமான மூலச் சான்றிதழ்கள் வரிசையில் சேர்த்தபின் நிறுவி ஓடும்.

விண்டோஸ் 10-இல் சிக்கல் டாட்நெட் 3.5. பழைய கணக்கு மென்பொருள்களும் அலுவலகங்களுக்கென்று யாரோ எழுதிக்கொடுத்த செயலிகளும் இதைக் கேட்கும். விண்டோஸ் உடனே இணையத்திலிருந்து எடுத்துவரட்டுமா என்று கேட்கும். வேண்டாம், அது விண்டோஸின் நிறுவல் வட்டிலேயே இருக்கிறது. சோர்சஸ் என்ற கோப்புறைக்குள் எஸ்எக்ஸ்எஸ் என்ற கோப்புறை. கணினியில் உள்ள அதே பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பைக் கொண்டுபோய், டிஸம் என்ற கட்டளைக்கு அந்தக் கோப்புறையைக் காட்டினால் போதும். கட்டளை வரி நீளமானது. நினைவில் வைத்துத் தட்டினால் எங்கோ ஒரு சாய்கோடு விழுந்துவிடும். மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கத்திலிருந்து அதை நோட்பேட் கோப்பில் ஒட்டிக்கொண்டு பென் டிரைவிலேயே வையுங்கள். அந்த வரியில் ‘ஆன்லைன்’ என்று ஒரு சொல் வரும். பதறவேண்டாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸைத்தான் அது குறிக்கிறது.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு துணை இருக்கிறது, எழுத்துரு. விண்டோஸ் 8.1 வரை லதா எழுத்துரு கூடவே வந்தது. விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் ‘தமிழ் கூடுதல் எழுத்துருக்கள்’ என்ற விருப்பப் பகுதிக்குப் போய்விட்டன. இணையம் இருந்தால்தான் வந்து சேரும். பழைய கணினியில் லதாவில் அடித்த வினாத்தாளைப் புதிய கணினியில் திறந்தால் நிர்மலா எழுத்துருவில் தெரியும். வரிகள் இடம்மாறி, ஒரு பக்கத்தில் முடிந்தது இரண்டாம் பக்கத்துக்கு ஓடும். கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழை எல்லாக் கணினிகளிலும் போட்டு, இனி அதிலேயே அடிப்பது என்று வைத்துக்கொள்வது நிம்மதி. யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்புகளையும் பழைய கணினியிலிருந்து எடுத்து வைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆண்டறிக்கை முழுதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

டிரைவர்கள்

பிரிண்டரோ ஸ்கேனரோ கேட்காமல் வேலை செய்யும் காலம் இணையத்தோடு சேர்ந்தது. இங்கே டிரைவரையும் சுமக்கவேண்டும். பிரிண்டரின் சரியான மாடல் எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் டிரைவர் வேறு. பெயரே தெரியாத சாதனம் என்றால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு நிற்பதன் பிராப்பர்ட்டீஸில், டீட்டெயில்ஸ் பகுதியில், ஹார்டுவேர் ஐடி இருக்கும். அந்த எண்ணை அப்டேட் கேட்டலாகில் தேடினால் டிரைவர் அகப்படும்.

சுமந்துபோகும் வழி

பென் டிரைவை ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்திருந்தால் 4 ஜிபி அளவை எட்டும் கோப்பு அதில் ஏறாது. பென் டிரைவில் 32 ஜிபி காலியாக இருந்தும் இடமில்லை என்கிறதே என்று குழம்பவேண்டாம். எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். விண்டோஸ் 7 அதைப் படிக்கும். லினக்ஸ் கெர்னலில் 5.4 பதிப்பிலிருந்து உண்டு.

பதிவிறக்கிய கோப்பு முழுமையாக வந்ததா என்று பார்க்க, மென்பொருள் தளத்தில் ஷா 256 என்று 64 எழுத்துகள் கொண்ட ஒரு வரி தந்திருப்பார்கள். 7-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மீது வலது சொடுக்கு, சிஆர்சி ஷா, ஷா 256. இரண்டும் ஒத்துப்போனால் கோப்பு சரி. இதை இரண்டு முறை செய்யுங்கள்: பதிவிறக்கியதும் ஒருமுறை, போன இடத்தில் நிறுவும்முன் ஒருமுறை. மலிவான பென் டிரைவ்கள் கோப்பைச் சத்தமில்லாமல் கெடுக்கும். நிறுவி பாதியில் நின்றபின் அதைக் கண்டுபிடிப்பது எரிச்சல்.

இதில் இன்னொரு கோணமும் உண்டு. இணையத்திலிருந்து இறக்கிய கோப்புக்கு விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை குத்துகிறது. அதைப் பார்த்துத்தான் ‘இதை ஓட்டவேண்டுமா?’ என்று ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கிறது. என்டிஎஃப்எஸ் முறையில்தான் அந்த முத்திரை தங்கும். ஃபேட் 32, எக்ஸ்ஃபேட் பென் டிரைவில் ஏறும்போதே உதிர்ந்துவிடும். ஆக, போன இடத்தில் விண்டோஸ் எச்சரிக்காது. காவல் முழுக்க உங்கள் பொறுப்பு.

கோப்புறைகளையெல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றிவிடும் வைரஸைப் பள்ளிக் கணினி அறைகளில் பார்க்காத ஆசிரியர் குறைவு. அங்கே செருகிய பென் டிரைவை வீட்டுக் கணினியில் அப்படியே செருகாதீர்கள். பென் டிரைவுக்குப் பதில் கார்டு ரீடரில் எஸ்டி கார்டு பயன்படுத்தினால் கார்டின் பக்கவாட்டில் ஒரு சிறு பூட்டு இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டால் பெரும்பாலான ரீடர்களில் கார்டில் எதுவும் எழுதமுடியாது. நீங்கள் கொண்டுபோனது மட்டும் உள்ளே போகும், அங்குள்ளது ஒட்டிக்கொண்டு வராது. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் வைரஸ் பட்டியலும் முழுக் கோப்பாகத் தனியே கிடைக்கிறது. பிட் பார்த்து எடுத்துப்போய், வேறெதையும் நிறுவும்முன் அதை ஓட்டி, கணினியை ஒருமுறை முழுக்கச் சோதியுங்கள்.

லினக்ஸ் என்றால்

விண்டோஸ் மென்பொருள் தனக்கு வேண்டியதைப் பெரும்பாலும் தானே சுமந்துவரும். லினக்ஸில் பொதுவான நூலகங்களை எல்லா மென்பொருள்களும் பகிர்ந்துகொள்கின்றன. இடம் மிச்சம், திருத்தம் எளிது. இணையம் இல்லாதபோது இதுவே தலைவலி. ஒரு டெப் கோப்பைக் கொண்டுபோய்ச் சொடுக்கினால் அது வேறு நான்கைக் கேட்கும், அந்த நான்கும் இன்னும் பத்தைக் கேட்கும். ஒவ்வொன்றாகத் துரத்திப் பிடிப்பது வேண்டாத வேலை.

டெபியன், உபுண்டு, மின்ட் எதுவானாலும் இனி சொல்வது பொருந்தும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடியாகக் கொண்டதுதான்.

எனக்குப் பிடித்த வழி இது. அந்தக் கணினியில் உள்ள அதே பதிப்பின் லைவ் பென் டிரைவை எடுத்துக்கொண்டு, இணையமுள்ள மடிக்கணினியை அதில் தொடக்குங்கள். நிறுவ வேண்டாம், லைவாகவே ஓடட்டும். ஆப்ட் கட்டளைக்கு ‘டவுன்லோட் ஒன்லி’ என்ற தெரிவைக் கொடுத்து வேண்டிய மென்பொருளைக் கேளுங்கள். நிறுவாமல் கோப்புகளை மட்டும் இறக்கி, வார் கோப்புறைக்குள் கேஷ், ஆப்ட், ஆர்கைவ்ஸ் என்று போகும் இடத்தில் அடுக்கிவைக்கும். அங்குள்ள டெப் கோப்புகள் அனைத்தையும் வேறொரு பென் டிரைவுக்கு மாற்றி, போன இடத்தில் எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் சேர்த்து நிறுவுங்கள். லைவ் அமர்வு, புதிதாக நிறுவிய கணினிக்குக் கிட்டத்தட்ட ஒப்பானது. அங்கே இல்லாததுதான் இங்கேயும் இல்லாதது. அன்றாடம் பயன்படுத்தும் லினக்ஸ் கணினியில் இதைச் செய்தால் ஏற்கெனவே இருக்கும் நூலகங்களை அது இறக்காது. அங்கே போனதும் குறை தெரியும்.

மென்பொருள்களைத் தேர்ந்து நிறுவ உதவும் சினாப்டிக் என்ற செயலி உள்ள கணினி என்றால் இன்னொரு வழி. இணையமில்லாத கணினியிலேயே சினாப்டிக்கைத் திறந்து வேண்டியதைக் குறித்துவிட்டு, ஃபைல் பட்டியலில் பதிவிறக்க ஸ்கிரிப்டை உருவாக்கச் சொன்னால், தேவையான எல்லாக் கோப்புகளின் முகவரியும் அடங்கிய சிறு கோப்பு கிடைக்கும். உங்களிடம் லினக்ஸ் இல்லாவிட்டாலும் பாதகமில்லை; கோப்பைத் திறந்து முகவரிகளை உலாவியில் ஒட்டி இறக்கலாம். திரும்பிவந்து அதே ஃபைல் பட்டியலில் ‘பதிவிறக்கிய தொகுப்புகளைச் சேர்’. அந்தக் கணினி தன்னிடம் உள்ள பட்டியலை வைத்தே முகவரி எழுதும். பட்டியல் இரண்டு ஆண்டு பழசு என்றால் முகவரியில் கோப்பு இருக்காது. உபுண்டுவில் ஆதரவு முடிந்த பதிப்புகளின் கோப்புகள் பழைய வெளியீடுகளுக்கான தனிச் சர்வருக்கு நகர்ந்திருக்கும், அங்கே தேடவேண்டும்.

இந்தப் பட்டியல் தொல்லைக்காகவே எழுதப்பட்டது ஆப்ட் ஆஃப்லைன் என்ற கருவி. எழுதியவர் டெபியன் உருவாக்குநரான ரிதேஷ் ராஜ் சர்ராஃப். மூன்று படி: இணையமில்லாத கணினி தனக்கு வேண்டியதை ஒரு சீட்டில் எழுதும், இணையமுள்ள கணினி சீட்டைப் பார்த்து இறக்கும், முதல் கணினி அதை வாங்கி உள்ளே வைக்கும். பட்டியலையும் இதே வழியில் புதுப்பிக்கலாம். மாதந்தோறும் போய்ப் பராமரிக்கும் இடத்துக்கு இதுதான் ஏற்றது. ஒரே ஒரு முறை போகிற இடத்துக்கு இவ்வளவு வேண்டாம்.

டெபியனின் முதல் டிவிடியில் டெஸ்க்டாப்பும் லிப்ரே ஆபீஸும் அடக்கம். பள்ளிக்குப் புதிதாக லினக்ஸ் போடுகிறவர்கள் இணையத்தை எதிர்பார்க்கும் சிறிய நெட்இன்ஸ்ட் கோப்பை விட்டுவிட்டு இதை எடுத்துப்போகட்டும்.

ஆப்இமேஜ் வடிவில் கிடைக்கும் மென்பொருள் ஒரே கோப்பு. அனுமதி கொடுத்து ஓட்டினால் போதும் என்பார்கள். உபுண்டு 22.04 முதல் அது ஓடத் தேவையான லிப்ஃபியூஸ் 2 தானாக வருவதில்லை. அந்தச் சிறு தொகுப்பையும் கையோடு கொண்டுபோங்கள். 24.04-இல் அதன் பெயரோடு டி64 என்ற ஒட்டு சேர்ந்திருக்கும்.

நிறுவியபின்

விலைகொடுத்து வாங்கிய மென்பொருள் என்றால் உரிமத்தைச் செயல்படுத்த இணையம் கேட்கும். கணக்கு, வரைபட மென்பொருள்கள் பலவற்றில் இதற்கு மாற்றுவழி உண்டு: நிறுவியதும் அந்தக் கணினி ஒரு கோரிக்கைக் கோப்பு தரும், அதை இணையமுள்ள கணினியிலிருந்து நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கோப்பை வாங்கித் திரும்ப ஊட்டவேண்டும். ஆக இரண்டு நடை. மாற்றுவழி இருக்கிறதா என்று வாங்கும்முன்பே விற்பனையாளரிடம் கேளுங்கள். வாங்கியபின் கேட்டால் பதில் மெதுவாக வரும். மாதச் சந்தாவில் ஓடுபவை குறிப்பிட்ட நாளுக்கொருமுறை இணையத்தைப் பார்த்தாகவேண்டும் என்பதால் இந்த மாதிரி இடங்களுக்கு ஒத்துவராது.

ஒவ்வொரு மென்பொருளையும் ஒருமுறை திறந்து, ஒரு கோப்பைச் சேமித்து, அச்செடுத்துப் பாருங்கள். நிறுவல் வெற்றி என்ற செய்தியை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். தானியங்கிப் புதுப்பித்தலை அந்தந்த மென்பொருளின் அமைப்பில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திறக்கும்போதெல்லாம் சர்வரைக் காணோம் என்று புலம்பும்.

கொண்டுவந்த நிறுவிகள், துணைகள், டிரைவர்கள், கட்டளை எழுதிய நோட்பேட் கோப்பு எல்லாவற்றையும் அந்தக் கணினியின் டி டிரைவில் ஒரு கோப்புறையில் விட்டுவாருங்கள். எதை எந்த வரிசையில் போட்டீர்கள் என்று அதே நோட்பேடில் எழுதி, தேதியும் போடுங்கள். சி டிரைவை அழித்து விண்டோஸைத் திரும்பப் போடும் நாளில் வருகிற ஆள் நீங்களாக இருக்கவேண்டும் என்பதில்லை.